மிதிக்காத தரை

சென்னை,
18.7.2004

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் இலக்கியாவும் எப்படி இருக்கிறீர்கள்? மரக்காணத்துக்கு வந்து ஒரு வாரம் தங்கியும் உன்னோடு நாலு வார்த்தை பேசாமல் குழிக்குள்ளேயே கிடந்தேன் என்று நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான். "அஞ்சு வருசம் காலேஜுல படிச்சிட்டுக் கடைசியில குழி வெட்டவா வந்த? அதுக்கு எங்கூடவே உப்பளத்துல இருந்திருக்கலாமே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாயே, அதை ஹாஸ்டலில் சொன்னேன். இப்போது என் பெயரே குழிமுருகன் ஆகிவிட்டது.

டெலிபோன் பூத்தில் நின்று பேசினால் பூத்துக்காரர் கண்ணாயிரம் கேட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறார் என்று நீ சொன்னதால் கடிதமே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நீங்கள் வாங்க நினைக்கும் மனைக்குப் பின்னால் நான் வெட்டிய ஆளுயரக் குழியில், அடியில் மஞ்சள் மணலும் முழுச் சிப்பிகளும் இருக்கின்றன. அது பழைய கடற்கரை. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் கழுவெளி ஏரி முழுவதையும் மூடிக்கொண்டு ஊருக்கு மேற்கே நின்றிருக்கிறது. மணலுக்கு மேலே கறுப்புச் சேறு. கடல் விலகிய பிறகு தேங்கிய தண்ணீரில் படிந்தது. அதற்கும் மேலே பழுப்புக் களிமண். கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே வந்தால், கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே போய் இப்போதுள்ள மணல்மேட்டுக்கு அப்பால் நின்ற கதை தெரிகிறது. இதை எழுதி முடித்தால் என் ஆய்வில் பாதிக் கிணறு தாண்டியமாதிரி.

ஒரே ஒரு இடம்தான் உறுத்துகிறது. முழங்கால் ஆழத்தில், பழுப்புக் களிமண்ணுக்கு நடுவே, விரல் கனத்துக்குச் சாம்பல் நிற மணல் ஒரு கோடாக ஓடுகிறது. உள்ளே உடைந்த சிப்பித் தூள். கடல் போன பிறகு அங்கே கடல் மணலுக்கு என்ன வேலை? எங்கள் பேராசிரியர் சரஸ்வதி மேடம், "மனுசங்க கொண்டுவந்து போட்டதா இருக்கலாம். உள்ளூர்ல கேளு" என்றார். அங்கே முன்பு யாராவது உப்புப் பாத்தி போட்டிருந்தார்களா? நான் தண்ணீர் குடிக்க மேலே ஏறியபோது நீயும் குழியில் இறங்கிப் பார்த்தாயே, உனக்கு என்ன தோன்றுகிறது?

உன் தம்பி
திருமுருகன்


மரக்காணம்,
27.7.2004

அன்புள்ள தம்பி முருகனுக்கு,

குழிமுருகனுக்கு என்று முகவரி எழுதலாமா என்று பார்த்தேன், தபால்காரர் சிரிப்பாரே என்று விட்டுவிட்டேன்.

நீ கேட்டது பழைய பாத்தித் தரைதான். படிப்பு ஏற ஏற ஊர் வேலை மறந்துபோகுமா? களிமண்ணைக் கொத்தி, தண்ணீர் விட்டு, மேலே மணலைத் தூவி, நாள் முழுக்க வரிசையாக நின்று காலால் மிதித்தால்தானே தரை இறுகும். சரியாக மிதிக்காத தரையில் உப்பு வாரினால் சேறும் சேர்ந்து வரும். அம்மா இருந்தபோது நீயும் மிதித்தவன்தான். எந்தக் காலத்திலோ யாரோ அங்கே பாத்தி போட்டுவிட்டு, பிறகு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன்மேல் மண் ஏறிவிட்டது. இதற்கு ஒரு மேடம் வேண்டுமா?

இப்போது என் கதையைக் கேள். உன் மாமா மனை விஷயத்தில் இழுத்துக்கொண்டே போகிறார். "பாத்திக்குக் கெழக்கால யாரும் வீடு கட்டுனதில்ல பொன்னி. கடல் பக்கம்" என்கிறார். கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இங்கே ஒரே அடுப்பு, மூன்று குடும்பம். என் ஓரகத்தி செல்லம்மாள் சமைத்து முடித்து, அடுப்பை மெழுகி, பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டு வந்துதான் எனக்கு விடுவாள். எட்டு வருஷம் ஆகிறது தம்பி, என் அடுப்பை நான் நினைத்த நேரத்தில் பற்ற வைத்ததில்லை. அந்த மனை பாத்தியிலிருந்து கூப்பிடு தூரம். எனக்கு அந்த வீடு வேண்டும்.

அவர் என் பேச்சைக் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். படித்தவன் வார்த்தை. கடல் வராது என்று நாலு வரி எழுதிப் போடு.

இலக்கியா குழியிலிருந்து ஒரு பெரிய சிப்பியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். "மாமா கேட்டா இல்லன்னு சொல்லும்மா" என்கிறாள். நீ கேட்காதே.

அக்கா
பொன்னி


சென்னை,
8.8.2004

அன்புள்ள அக்காவுக்கு,

பாத்தித் தரை! எனக்கே தோன்றியிருக்க வேண்டும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். மேடமும் ஒப்புக்கொண்டார். நோட்டில் எழுதிவிட்டேன்.

கீழே உள்ளதை மாமாவிடம் படித்துக் காட்டு.

மாமா, வணக்கம். அந்த மனையின் மண்ணை நான் ஆளுயரத்துக்கு வெட்டிப் பார்த்துவிட்டேன். கடல் அந்த இடத்தை விட்டுப் போய் ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிறது. போன கடல் ஒருநாள்கூடத் திரும்பி வந்ததற்கு அந்த மண்ணில் அடையாளமே இல்லை. மண் பொய் சொல்லாது மாமா. தைரியமாக வீடு கட்டுங்கள். புதுமனைக்கு நான் வருகிறேன்.

திருமுருகன்


சென்னை,
16.1.2005

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

காரியம் முடிந்த அன்று நான் உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். நீ என்னைத் தேடியிருக்கமாட்டாய். இரண்டு வாரத்தில் நீ என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மாமா செய்தது சரி. பழைய வீட்டுத் தகரப் பெட்டியில் மனைப் பத்திரத்தோடு வைத்திருந்த என் கடிதத்தை எடுத்துவந்து, எல்லோர் முன்னாலும் என் கையில் திணித்து, "படிடா. சத்தமா படி" என்றார். நான் படித்தேன். 'மண் பொய் சொல்லாது மாமா' என்ற இடத்தில் தாளை மடித்துவிட்டேன். "ஏழு வயசுப் புள்ளடா. டிவி பாத்துக்கிட்டு ஊட்டுக்குள்ள ஒக்காந்திருந்தாடா" என்றார். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

கடல் ஊருக்குள் வந்த அன்று காலையில் நீ சந்தைக்குப் போகாமல் இருந்திருந்தால், மாமா பலகை வாங்கிவரப் போகாமல் இருந்திருந்தால் என்று ஊரில் பேசினார்கள். அதெல்லாம் இல்லை அக்கா. நான் எழுதாமல் இருந்திருந்தால் அந்த வீடே இல்லை. செல்லம்மாள் அக்கா வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள்.

என்னை மன்னி என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

திருமுருகன்


சென்னை,
20.2.2005

அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். இதை நீ தெரிந்துகொண்டாக வேண்டும்.

போன வாரம் மரக்காணத்தில்தான் இருந்தேன். கடல் எவ்வளவு தூரம் மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று அளக்க எங்கள் துறையிலிருந்து ஜீப்பில் வந்தோம். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் நிவாரணத் தார்ஷீட் கொட்டகைகளைத் தாண்டித்தான் போனோம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாத்திகளின்மேல் மணல் விரல் கனத்துக்குப் படிந்து கிடக்கிறது. சாம்பல் நிறம். உடைந்த சிப்பித் தூள். ஒரு இடத்தில் வெட்டிப் பார்த்தேன். கீழே களிமண், மேலே மணல், நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், இது போன டிசம்பர், இது நம் குழியில் இருந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அது பாத்தித் தரை இல்லை அக்கா. அதுவும் ஒரே நாள் காலையில் வந்து படிந்ததுதான். இதற்கு முன்னாலும் கடல் வந்திருக்கிறது. வந்ததை முழங்கால் ஆழத்தில் எழுதி வைத்துவிட்டும் போயிருக்கிறது. என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல்நாள் 'கீழ் விளிம்பு மிகத் தெளிவு' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். உன் கடிதம் வந்த பிறகு அதை அடித்துவிட்டு, 'பழைய உப்புப் பாத்தித் தரை, உள்ளூர்த் தகவல்' என்று எழுதியிருக்கிறேன். காலால் மிதித்த தரையில் மணலும் களியும் ஒன்றோடொன்று கலந்துதானே கிடக்கும்? கோடு எப்படி வரும்? எனக்கு உறைக்கவில்லை.

உன்மேல் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்கு உனக்குத் தோன்றியதைச் சொன்னாய். பார்க்க வேண்டியவன் நான்.

திருமுருகன்


மரக்காணம்,
3.4.2005

முருகா,

இரண்டு கடிதமும் வந்தன. இனிமேல் எழுதாதே. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தாலே அவர் சாப்பிடாமல் எழுந்துபோய்விடுகிறார்.

பாத்திகளில் மணல் அள்ள ஆள் வந்தது. எல்லார் பாத்தியிலும் அள்ளிவிட்டார்கள். நம் பாத்தியில் மட்டும் அவர் விடவில்லை. வரப்பில் குறுக்கே படுத்துக்கொண்டார். "அது எம்பொண்ணு மேல வந்த மண்ணு, எவனும் கை வைக்கக்கூடாது" என்றார். பக்கத்துப் பாத்தியில் வெள்ளையாக உப்பு பூத்துவிட்டது. நம்முடையது மட்டும் சாம்பலாகக் கிடக்கிறது.

பொழுது சாய்ந்தால் போய் அங்கே உட்காருகிறார். பாத்திக்குள் யாரோ மிதிக்கிற சத்தம் கேட்கிறதாம். சின்னக் கால் சத்தம். சேற்றிலிருந்து குதிகாலை எடுக்கும்போது வருமே, அந்தச் சத்தம். செல்லம்மாள் மந்திரிக்க அழைத்துப்போகச் சொல்கிறாள். நான் அழைத்துப்போகவில்லை. எனக்கும் கேட்கிறது.

எத்தனை துவைத்தாலும் துணி மடிப்பில் மணல் இருக்கிறது. நேற்றுச் சோற்றில் இருந்தது.

உன்னைத் திட்டாமல் அவருக்குப் பொழுது விடிவதில்லை. அவர் திட்டும்போது நான் சும்மாதான் இருக்கிறேன். அதை நீ தெரிந்துகொள்.

பொன்னி


சென்னை,
12.11.2005

அக்கா,

எழுதாதே என்றாய். ஏழு மாதம் எழுதவில்லை. இது கடைசி.

குழியில் இருந்த அந்த மணலின் வயது தெரிந்துவிட்டது. ஏறக்குறைய ஆயிரம் வருஷம். மேடம் இதைக் கட்டுரையாக எழுதச் சொல்கிறார், பெரிய பெயர் வரும் என்கிறார். என்னால் முடியவில்லை. குழாயில் எடுத்துவந்த மண்ணை மேசைமேல் நீளவாக்கில் பிளந்து வைத்தால், முன்பெல்லாம் அடுக்கு தெரியும், கடல் வந்தது போனது தெரியும். இப்போது ஒவ்வொரு மணல் கோட்டுக்குக் கீழேயும் யாரோ இருக்கிறார்கள். அன்று காலை அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யோசிக்கிறேன். இரண்டு குழாய்களைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன்.

ஆய்வை விட்டுவிட்டேன். மஸ்கட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கோட்டக்குப்பத்து நண்பன் ஒருவன் ஏற்பாடு செய்தான். பிப்ரவரி இருபதாம் தேதி விமானம். போனால் திரும்பி வருவதாக இல்லை. மாமா கண்ணில் படாமல் இருப்பதுதான் நான் அவருக்குச் செய்யக்கூடியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

திருமுருகன்


மரக்காணம்,
29.1.2006

அன்புள்ள தம்பி முருகனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டரை மாதம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று எழுதாவிட்டால் நீ விமானம் ஏறிவிடுவாய்.

முதலில் பாத்தியில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருஷமும் தரை போடாவிட்டால் பாத்தியை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று குத்தகைக்காரர் குப்புசாமி சொல்லிவிட்டார். பொங்கல் முடிந்ததும் உன் மாமாவே மணலை அள்ள ஆரம்பித்தார். மண்வெட்டி வேண்டாம் என்று கொட்டாங்கச்சியால் சுரண்டினார். ஒரு சாண் இடம் சுரண்டினால் ஒரு பீடி. மூன்றாம் நாள் "பொன்னி, இங்க வா" என்று கத்தினார். ஓடினேன்.

மணலுக்கு அடியில், களிமண்ணில், ஐந்து காலடி. சின்னக் கால். வரப்பிலிருந்து இறங்கி, நடு வரைக்கும் போய், ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. விரல்கள்கூடத் தெரிகின்றன.

உனக்கு அது தெரியாது. அந்த வருஷம் மழை சீக்கிரம் விட்டதால் டிசம்பரிலேயே தரை போட்டோம். கிறிஸ்துமஸ் அன்று அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நாங்கள் மிதித்து முடித்து, பலகை இழுத்து மட்டம் பண்ணிக் கரையேறியதும் அவள் குறுக்கே ஓடினாள். "ஏய், மட்டம் பண்ண தரைடி அது" என்று அவர் சத்தம் போட்டார். அவள் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள். மட்டப் பலகையும் பிளந்துபோயிருந்தது. வேறு பலகை வாங்கிவந்து காலையில் சரி பண்ணிக்கொள்ளலாம் என்றார். பலகை வாங்கத்தான் காலையில் போனார்.

கடல் அவளைக் கொண்டுபோனது, அவள் காலடியை மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அவர் அதன்மேல் கோணியை நனைத்துப் போட்டு, நாளைக்கு நாலு தடவை தண்ணீர் தெளிக்கிறார். "பாரு, இப்பதான் போயிருக்கா" என்கிறார். பாத்தியில் வேறு வேலை நடக்கவில்லை.

அந்தக் காலடியை நான் குனிந்து பார்த்தேன் தம்பி. மணல் ஏடு ஏடாகக் கழன்று வந்தது. கீழே களிமண் சுத்தமாக இருந்தது. அப்படிக் கழன்று வந்த மணலை நான் அதற்கு முன்பும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

உன் குழியில். நீ தண்ணீர் குடிக்க மேலே ஏறினாயே, அப்போது. நான் இறங்கி அந்தச் சாம்பல் மணலை நகத்தால் கீறினேன். ஏடாகக் கழன்று விழுந்தது. பதினைந்து வயதிலிருந்து தரை மிதிக்கிறவள் நான். மிதித்த தரையில் மணல் களிக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும், கத்தியால் சுரண்டினாலும் பிரியாது. குதிகால் பள்ளம் இருக்கும். அங்கே எதுவும் இல்லை. புல்லின் வேர்கூட நின்றவாக்கில் இருந்தது. யாரும் மிதிக்காத இடம் அது. தொட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடல் மணல் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் பாத்தித் தரை இல்லை என்று தெரியும். உன் கடிதம் வந்தபோது நீ சந்தேகப்படுவது புரிந்தது. நீ சந்தேகப்பட்டால் அவர் மனையை வாங்கமாட்டார். எனக்கு அந்த அடுப்பு வேண்டியிருந்தது. தரைதான் என்று எழுதிவிட்டேன். உன்னைக் கிண்டல் பண்ணி வேறு எழுதினேன்.

உன்னைப் படிக்கச் சொல்லி அவர் நிற்க வைத்தபோது நான் வாய் திறந்திருக்க வேண்டும். ஒரு வருஷமாக நீ சுமந்துகொண்டிருப்பது என் பாரம். நாட்டை விட்டே போகும் வரைக்கும் உன்னை விட்டுவிட்டேன். நான் பெற்றவள். எனக்குத்தான் முதலில் பயம் வந்திருக்க வேண்டும். ஆசைதான் வந்தது.

அவரிடம் சொல்லப்போகிறேன். சொன்ன பிறகு நான் இங்கே இருப்பேனோ மாட்டேனோ. நீ எதற்கும் போகாதே.

அக்கா
பொன்னி


சென்னை,
2.2.2006

அக்கா,

சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், சொல்லாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். ஆனால் யோசித்துப் பார். நீ எழுதியதை நம்பியது நான். என் கண் எதிரே இருந்ததை அடித்துவிட்டு எழுதியதும் நான். படித்தவன் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். இதில் உன் பங்கைத் தனியாகப் பிரித்து யாருக்கு என்ன லாபம்?

மாமா என்மேல் கோபப்பட்டால் நான் மஸ்கட்டில் இருப்பேன். உன்மேல் கோபப்பட்டால்? அந்தத் தார்ஷீட் கொட்டகையில் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட வேண்டியவள் நீ. பழி என்னோடு விமானம் ஏறட்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உன் தம்பி
திருமுருகன்


மரக்காணம்,
8.2.2006

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் சொல்லிவிட்டேன்.

பாத்தியில் வைத்துத்தான் சொன்னேன். அவர் கோணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "தெரிஞ்சேவா எழுதுன?" என்று மட்டும் கேட்டார். "தரை இல்லன்னு தெரியும்ங்க" என்றேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்.

மூன்று நாள் வரவில்லை. பெருமுக்கல் மலைக்கோவில் படியில் உட்கார்ந்திருந்ததாகச் சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

நேற்று முன்தினம் காலையில் செல்லம்மாள் ஓடிவந்தாள். "ஒன் ஊட்டுக்காரரு பாத்தில நிக்குறாருடி" என்றாள். போய்ப் பார்த்தேன். பாத்தி முழுவதும் மணலை வாரி வரப்புக்கு வெளியே கொட்டியிருக்கிறார். தண்ணீர் விட்டு, தனி ஆளாக மிதித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நேற்றும் மிதித்தார். ஆறு பேர் செய்யும் வேலை. கால் இரண்டும் வெடித்து ரத்தம் வருகிறது.

இன்று காலையில் போனபோது தரை முடிந்திருந்தது. ஒரு இடத்தைத் தவிர. கோணியை எடுத்து மடித்து வரப்பில் வைத்திருந்தார். ஐந்து காலடியும் அப்படியே இருக்கின்றன. அதைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டு, மற்ற எல்லாவற்றையும் மிதித்திருக்கிறார்.

"இது?" என்றேன்.

"அது ஒனக்கு. நீ மிதி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்துகொண்டார். இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இது தண்டனையா, என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியுமோ என்னவோ. மிதிக்காமல் விட்டால் நாலு நாள் வெயிலில் அந்த இடம் மட்டும் காய்ந்து வெடிக்கும். வெடித்தால் காலடியும் இருக்காது, தரையும் இருக்காது. மிதித்தால் அவள் போய்விடுவாள். என் காலாலேயே போவாள்.

பழி உன்னோடு விமானம் ஏறாது தம்பி. அது இங்கே இறங்கிவிட்டது.

நீ மஸ்கட் போ, போகாமல் இரு, அது உன் இஷ்டம். அதற்கு முன் ஒரு தரம் வந்துவிடு. சனிக்கிழமைக்குள் வா. பேச வேண்டாம், மண்ணைப் பார்த்து எதுவும் சொல்லவும் வேண்டாம். ஒரு வரப்பில் அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் இறங்கும்போது எதிர் வரப்பில் என் பக்கத்து மனுஷன் ஒருத்தன் நிற்க வேண்டும்.

அக்கா
பொன்னி